பட்டுத்துணியில் வரைந்து வாழ்த்து அட்டை: வண்ணம் கோட்டைத் தாண்டி ஓடுகிறது, வழி சொல்லுங்கள்

மயில்நீலம்:

எல்லோருக்கும் வணக்கம். பட்டு ஓவியத்துக்கு நான் புதிது. அப்பா ஆறு வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார். அந்த வார்டில் அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், உதவியாளர்கள் என்று எண்ணிப் பார்த்தால் 20 பேர் வருகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் என் கையால் ஒரு நன்றி அட்டை செய்து கொடுக்க ஆசை, அச்சடித்த அட்டையில் பெயர் மட்டும் எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை.

தையலுக்கு வாங்கி மீந்திருந்த வெள்ளைப் பட்டு வீட்டில் இருந்தது, கொஞ்சம் கனமானது. வண்ணம் இஸ்திரி போட்டால் நிலைக்கும் வகை என்று புட்டியில் போட்டிருக்கிறது. கோடு போடுவதற்குத் தங்க நிறக் குட்டா (வண்ணம் பரவாமல் தடுக்கும் பசை), தண்ணீரில் கலக்கும் வகை, உலோக முனை வைத்த சின்னப் புட்டியில். எம்பிராய்டரி வளையத்தில் துணியை மாட்டி, ஐந்து இதழ் பூ ஒன்றும் இரண்டு இலையும் வரைந்தேன். கோடு பார்க்க நன்றாக, தடிமனாகவே விழுந்தது. காய்ந்த பிறகு வண்ணம் வைத்தால் இரண்டு இதழில் நின்றது, மூன்றாவது இதழில் கோட்டுக்கு அடியில் புகுந்து பின்னணி வரை பரவிவிட்டது. ஆறு முறை செய்து பார்த்துவிட்டேன், ஆறிலும் எங்காவது ஓரிடத்தில் ஒழுகுகிறது.

அப்புறம் பின்னணிக்கு வெளிர் நீலம் பூசினால் திட்டுத் திட்டாக, ஈரம் காய்ந்த இடத்தில் கடற்கரையில் அலை விட்டுப்போன கோடு மாதிரி ஓரம் நிற்கிறது. ஓரளவு தேறிய ஒன்றை வெட்டி அட்டையில் வெள்ளைப் பசை தடவி ஒட்டினேன், பசை பட்டு வழியாக ஊறி மேலே வந்து பளபளவென்று கறையாகிவிட்டது, துணியும் சுருங்கிக்கொண்டது.

கோடு ஏன் ஒழுகுகிறது? பின்னணியைச் சமமாகப் பூசுவது எப்படி? அட்டையில் எப்படி ஒட்டுவது? அட்டையை யாரும் துவைக்கப் போவதில்லையே, அதற்கும் இஸ்திரி போட்டு நிலைப்படுத்த வேண்டுமா? மூன்று வாரம் கையில் இருக்கிறது.

இழையும்நிறமும்:

வாருங்கள் மயில்நீலம். அப்பா நலமாகத் திரும்பியது பெரிய நிம்மதி. நான் பல வருடமாகப் பட்டில் வரைகிறேன், நீங்கள் சொன்ன ஒழுகல் எனக்கு மிகவும் பழக்கமானது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோடு தடிமனாக விழுந்தது என்று சொன்னீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. குட்டா துணியின் மேலே உட்காரக் கூடாது, இழைக்குள் இறங்கி மறுபக்கம் வரை போய் அடைத்துக்கொள்ள வேண்டும். பட்டில் வண்ணம் ஓடுவது இழைக்குள்ளேதான், மேலே எவ்வளவு உயரமாகச் சுவர் கட்டினாலும் அடியில் வழி திறந்திருந்தால் வண்ணம் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் துணி கனம், தங்கக் குட்டாவில் உலோகத்தூள் கலந்திருப்பதால் நிறமில்லாத குட்டாவைவிட அதுவும் கெட்டி, இரண்டும் சேர்ந்து கோடு மேலோடு நின்றுவிட்டது. குட்டா என்ற பெயரே ஒரு மரப்பாலிலிருந்து வந்தது, மலாய் மொழியில் கெத்தா என்றால் மரப்பால். அந்தப் பழைய வகையைக் கரைக்கப் பெட்ரோலிய ஸ்பிரிட் வேண்டும், மெல்லியதாக இறங்கும், ஆனால் வாடை தாங்காது. வீட்டுக்குள் அப்பா இருக்கும்போது அது வேண்டாம், உங்களிடம் இருக்கும் தண்ணீர் வகையே போதும்.

பட்டின் கனத்தை மோம்மே என்ற அளவில் சொல்வார்கள், 1 மோம்மே என்பது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 4.3 கிராம். அட்டைக்கு 5 மோம்மே ஹபோடாய் என்ற மெல்லிய, வெற்று நெசவுப் பட்டு வாங்குங்கள், பொஞ்சி என்றும் கேட்டால் கொடுப்பார்கள். 8 மோம்மேயும் நல்லதுதான், கழுத்துத்துணி செய்பவர்கள் அதைத்தான் எடுப்பார்கள், ஆனால் உங்கள் அட்டையை யாரும் கழுத்தில் கட்டி இழுக்கப் போவதில்லை, மெல்லிய துணியில் கோடு சுலபமாக இறங்கும். சாட்டின் நெசவும் 12 மோம்மேக்கு மேல் உள்ளதும் இப்போதைக்கு வேண்டாம், அவற்றில் சில நேரம் மறுபக்கமும் அதே கோட்டை ஒருமுறை இழுக்க வேண்டியிருக்கும்.

துணி வந்ததும் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் சரி. முத்து மாதிரி நின்றால் நெசவுக்குப் பிறகு பூசிய மெருகு இன்னும் இருக்கிறது, மிதமான சோப்பில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டுவிடுங்கள். அந்த மெருகு குட்டாவையும் உள்ளே விடாது, வண்ணத்தையும் விடாது. பட்டுதானா என்று சந்தேகம் வந்தால் இரண்டு இழையை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள், முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கட்டியானால் பாலியஸ்டர்.

கோடு போடும்போது முனை துணியைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும், தூக்கிப் பிடித்துச் சொட்டவிடக் கூடாது. மெதுவாக, ஒரே அழுத்தத்தில். 0.5 மி.மீ. முனை அட்டைக்குச் சரியாக இருக்கும். தொடங்குமுன் ஒரு தாளில் இழுத்துப் பார்த்துக் காற்றுக்குமிழை வெளியேற்றிவிடுங்கள், கோட்டின் நடுவில் குமிழ் வெடிக்கும் இடம்தான் பின்னால் ஓட்டையாகிறது. கோடுகள் சேரும் இடத்தில் (இதழ் காம்போடு சேரும் மூலை) ஒரு மயிரிழை இடைவெளி விட்டால்கூடப் போதும், எல்லாம் போச்சு. அதனால் காய்ந்ததும் வளையத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். கோடு இறங்கிய இடம் துணியோடு ஒன்றாகித் தெளிவாகத் தெரியும், இறங்காத இடம் மங்கலாக இருக்கும். அங்கே பின்பக்கத்திலேயே ஒரு தொடுப்பு. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் ஆகும், நான் ஒருநாளும் தவிர்ப்பதில்லை.

வண்ணத்தைக் கோட்டுப் பக்கத்தில் வைக்காதீர்கள். இதழின் நடுவில் பிரஷை மெல்லத் தொட்டு எடுத்தால் வண்ணம் தானாகக் கோடு வரை போய் நிற்கும். பிரஷில் ஏற்றியதைப் பாதி வழித்துவிட்டே தொடுங்கள், அட்டை அளவு இதழுக்கு ஒரு சிறு சொட்டு போதும்.

பின்னணியில் அந்த அலைக்கோடு வருவது ஈரம் காய்ந்த ஓரத்தைச் சந்திப்பதால். வேண்டிய வண்ணம் முழுவதையும் முதலிலேயே கலந்து வைத்துக்கொண்டு, துணியைத் தண்ணீரால் லேசாக நனைத்துவிட்டு, அகலப் பிரஷால் நிற்காமல் முடித்துவிடுங்கள். பூவைச் சுற்றிப் போகும்போது இரண்டு பக்கமும் மாறி மாறி நகர்ந்து மறுமுனையில் ஈரத்தோடு ஈரம் சேர வேண்டும். முடித்த இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். காய்ந்தால் ஒரு படி வெளுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இஸ்திரி கட்டாயம் போடுங்கள். துவைக்காவிட்டால் என்ன, வியர்த்த விரல் படும், யாராவது பக்கத்தில் தண்ணீர்க் குவளை வைப்பார்கள். வண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகு பின்பக்கமாக, மேலே ஒரு பருத்தித்துணி போட்டு, நீராவி இல்லாமல். எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்பது புட்டியில் இருக்கும், அதன்படியே போங்கள்.

மயில்நீலம்:

அக்கா, மிக்க நன்றி! (அக்கா என்று கூப்பிடலாம்தானே?) நேற்று இரவே பழைய ஆறு துண்டுகளையும் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஒழுகிய இடம் ஒவ்வொன்றிலும் கோடு பின்பக்கம் வரவே இல்லை, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். தண்ணீர்ச் சொட்டும் முத்தாக நின்றது. 5 மோம்மே துணிக்குச் சொல்லிவிட்டேன்.

இனி ஒட்டுவதுதான் பயமாக இருக்கிறது. அட்டை வேலை தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தாள்மடிப்பு:

நான் பட்டில் வரைபவன் இல்லை, அட்டை செய்பவன், மனைவி வரைந்து கொடுப்பதை அட்டையாக்குவது என் பங்கு. திரவப் பசையை மறந்துவிடுங்கள், மெல்லிய பட்டில் எந்தத் திரவப் பசையும் ஊறி மேலே வரும்.

பட்டுக்கு ஏற்றது ஜன்னல் அட்டை. மூன்று மடிப்பு, நடுமடிப்பில் ஜன்னல், துணி அதற்குப் பின்னால், இன்னொரு மடிப்பு அதன் முதுகை மூடிவிடும். துணியின் ஓரம் வெளியே தெரியாது, அதனால் பிசிறைப் பற்றிக் கவலையே இல்லை. 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) கனமுள்ள ஏ4 தாள் ஒன்றை 297 × 148 மி.மீ. அளவுக்கு வெட்டுங்கள். உள்பக்கம் மேலே இருக்க, இடமிருந்து வலமாக 97, 100, 100 என்று பிரியுங்கள். இடதுபக்கம் மட்டும் 3 மி.மீ. குறைவு ஏனென்றால் அதுதான் உள்ளே மடிந்து மூடப் போகிறது, சமமாக வெட்டினால் மடிப்பில் இடித்து அட்டை மூடாமல் வாயைப் பிளந்து நிற்கும். முடிந்த அட்டை 100 × 148, சி6 உறை 114 × 162, தாராளமாகப் போகும். முதலில் உறையை வாங்கிவிட்டு அட்டையை வெட்டுங்கள். நான் ஒருமுறை மாற்றிச் செய்து, முடித்த அட்டைகள் எதுவும் உறைக்குள் போகவில்லை.

மடிக்குமுன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேலை வைத்து அழுத்திக் கோடு இழுங்கள். பெரும்பாலான ஏ4 தாளில் இழை நீளவாக்கில் ஓடும், நம் மடிப்பு அதற்குக் குறுக்கே வருகிறது, கோடு இழுக்காமல் மடித்தால் முதுகில் வெடித்து நார் நாராக நிற்கும்.

ஜன்னல் 65 × 100 போதும். கூர்மையான பிளேடு, மூலையைத் தாண்டாமல் நிறுத்தி, தாளைத் திருப்பி மறுபக்கமிருந்து வெட்டுங்கள். துணியை ஜன்னலைவிட நாலு பக்கமும் 1 செ.மீ. பெரிதாக விடுங்கள். ஜன்னலின் உள்பக்கம், ஓரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி டபுள் சைடு டேப் ஒட்டி, ஓவியத்தை முகம் கீழாக வைத்து முதலில் மேல் ஓரம், அடுத்து அதற்கு நேர் எதிர் ஓரம், பிறகு பக்கங்கள். இழை போகும் திசையில் மட்டும் லேசாக இழுங்கள். மூலைவாட்டில் இழுத்தால் பட்டு நீண்டு உங்கள் பூ கோணிக்கொள்ளும்.

சுருக்கம் வரக் கூடாது என்றால் இன்னொரு வழியும் உண்டு, தையல்காரர்கள் காலருக்கு வைக்கும் ஒட்டும் கேன்வாஸில் மிக மெல்லிய வெள்ளை ரகம். வண்ணத்தை நிலைப்படுத்திய பிறகு அதே இஸ்திரிப்பெட்டியால் பட்டின் பின்னால் ஒட்டிவிட்டால் துணி தாள் மாதிரி நிமிர்ந்து நிற்கும், கத்தரித்தாலும் பிரியாது. என் மனைவிக்கு இது பிடிக்காது, பட்டின் மினுமினுப்பு கொஞ்சம் செத்துவிடுகிறது என்பார், அவர் சொல்வதும் உண்மைதான். 20 அட்டையில் ஐந்தாறு மட்டும் அடம்பிடித்தால் அவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் வரும் தாள் வெள்ளையாக இருக்கட்டும். 5 மோம்மே கண்ணாடி மாதிரி, பின்னால் என்ன இருக்கிறதோ அந்த நிறம் தெரியும். மஞ்சள் கலந்த தாள் வைத்தால் உங்கள் வெளிர் நீலம் பச்சையாகிவிடும்.

ஈரத்தூரிகை:

மேலே இருவர் சொன்னதும் சரி, ஆனால் 20 பூவை 20 வளையத்தில் வரைந்தால் மூன்று வாரம் போதாது. வேறு மாதிரி யோசியுங்கள். 45 × 45 செ.மீ. சட்டம் ஒன்றில் பட்டை இழுத்துக் கட்டுங்கள், குட்டாவே வேண்டாம், இரண்டு மூன்று நீலம், ஒரு பச்சை, ஓரத்தில் கொஞ்சம் ஊதா, ஈரத்தில் ஈரமாக ஓடவிடுங்கள். பளபளப்பு இருக்க வேண்டும் ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது, அந்த நேரத்தில் கல் உப்பைத் தூவிவிட்டுக் கை வைக்காமல் போய்விடுங்கள். ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை வண்ணத்தோடு இழுக்கும், காய்ந்ததும் நட்சத்திரம் மாதிரியும் பாசி மாதிரியும் வடிவங்கள் நிற்கும். தூள் உப்பு போட்டால் நுணுக்கமான புள்ளிகள். உப்பு ஈரமாக இருந்தால் இழுக்காது, முன்கூட்டியே வெறும் வாணலியில் சூடாக்கி உலர்த்திக்கொள்ளுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், நீராவியில் நிலைப்படுத்தும் பட்டுச் சாயத்தில் வரும் அளவுக்கு இஸ்திரி வண்ணத்தில் உப்பு வேலை செய்யாது, வடிவம் மென்மையாகத்தான் வரும். எனக்கு அந்த மென்மையும் பிடிக்கும்.

பிறகு கறுப்பு அட்டையில் இரண்டு எல் வடிவத் துண்டு வெட்டி, ஜன்னல் அளவுக்குச் சேர்த்துப் பிடித்துத் துணி மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். முழுத்துணியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லாத மூலையில் ஒரு குளம் இருக்கும், ஒரு மழை இருக்கும். அட்டை என்பது சின்ன ஜன்னல், பெரிய ஓவியம் கெட்டுப்போனாலும் அதற்குள் நாலு நல்ல அட்டை ஒளிந்திருக்கும். நீங்கள் தூக்கிப் போட நினைத்த அந்த ஆறு துண்டுகளையும் இப்படிப் பாருங்கள்.

இழையும்நிறமும்:

ஈரத்தூரிகை சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். உப்பைக் காய்ந்ததும் முழுக்கத் தட்டிவிட வேண்டும், பிறகு இஸ்திரி, பிறகு ஒருமுறை தண்ணீரில் அலசல். உப்பு மிச்சம் இருந்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அட்டைக்குள் நசநசவென்று இருக்கும், தாளும் நெளியும்.

குட்டாவே வேண்டாம் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். உப்பு வரைவது அழகு, ஆனால் அது உப்பு வரைந்தது. இந்த அட்டையைக் கையில் வாங்கப் போகிறவர்கள் ஆறு வாரம் இவர் அப்பாவைக் கையால் பார்த்துக்கொண்டவர்கள், அதில் இவர் கை இழுத்த கோடு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பின்னணியை உப்பில் ஓடவிட்டு, அலசிக் காய்ந்த பிறகு அதன் மேல் தங்கக் குட்டாவால் ஒரு கொடியோ ஒரு இறகோ வரையுங்கள் மயில்நீலம். வண்ணத்தைத் தடுக்கும் வேலை அப்போது அந்தக் கோட்டுக்கு இல்லை, வெறும் கோடாக நின்றால் போதும், ஒழுகல் பயமே கிடையாது. காய்ந்ததும் பின்பக்கம் இன்னொரு முறை இஸ்திரி போட்டுவிடுங்கள்.

ஈரத்தூரிகை:

இதை ஒத்துக்கொள்கிறேன். உப்புக்கு மேல் தங்கக்கோடு நான் இதுவரை செய்து பார்த்ததில்லை, இந்த வாரம் செய்கிறேன்.

மயில்நீலம்:

எல்லோருக்கும் ஒரு தகவல், கொஞ்சம் தாமதமாகிவிட்டது. 20 அட்டையும் முடிந்தது. பூ வரைந்தது ஏழு, 5 மோம்மே துணியில் கோடு அப்படியே இறங்கியது, ஏழில் ஒன்றுதான் ஒழுகியது, அதுவும் காம்பு சேரும் மூலையில், வெளிச்சத்தில் பார்க்காமல் அவசரப்பட்ட ஒரே துண்டு அதுதான். அந்த ஒழுகலை ஒரு மொட்டாக மாற்றிவிட்டேன். மீதி பதின்மூன்றும் உப்புப் பின்னணியில் தங்க இறகு. முதல் சட்டத்தில் உப்பைச் சீக்கிரமே தூவி எல்லாம் கரைந்துபோனது, இரண்டாவது சட்டத்தில் தேங்கிய ஈரம் அடங்கும் வரை காத்திருந்தேன், அப்போதுதான் நட்சத்திரம் வந்தது. காலையில் எழுந்து அதைப் பார்த்தபோது அம்மாவையும் எழுப்பிக் காட்டினேன்.

தாள்மடிப்பு சார், 97, 100, 100 அளவு அச்சாகப் பொருந்தியது. மூன்று அட்டையில் துணி அலை அலையாக நின்றது, அவற்றுக்கு மட்டும் கேன்வாஸ் வைத்தேன், மினுமினுப்பு குறைந்தது எனக்கும் தெரிகிறது, உங்கள் வீட்டில் சொன்னது சரி.

பழைய ஆறு துண்டில் எல் அட்டை வைத்துத் தேடியதில் ஒன்று கிடைத்தது, இதழிலிருந்து ஒழுகிய சிவப்பு பின்னணி நீலத்தோடு சேர்ந்து சாயங்கால வானம் மாதிரி. அது கணக்கில் இல்லாத இருபத்தொன்றாவது அட்டை, அப்பாவுக்கு வைத்துக்கொண்டேன். மற்ற இருபதிலும் உள்பக்கம் அவர்தான் எழுதுகிறார். கை இன்னும் நடுங்குவதால் ஒரு நாளைக்கு நாலு அட்டைதான் முடிகிறது, இன்றோடு எட்டு. முடித்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.